விடுமுறை மறுமொழியின் மௌனம்

வீட்டார் வெளியூர் சென்றிருக்குங்கால், வாயிலில் நின்று, "ஐயா ஊரில் இல்லை; இன்ன நாளில் வருவார்" என்று சொல்லி அனுப்பும் ஏவலாளன் ஒருவன் உளனாயின், வந்தார்க்கு வீண் காத்திருப்பு இல்லை. மின்னஞ்சல் சர்வரில் அமைக்கப்பெறும் விடுமுறை மறுமொழி அத்தகைய ஏவலாளனே. ஆயின் அவன் சிற்சில வேளைகளில் வாய் திறவாது நின்றுவிடுகின்றான்.

யாம் இதனை ஆராயப் புகுந்தது ஒரு வருத்தத்தின் பயனாகவே. எம் நண்பர் ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்திற்கு நற்சான்றுக் கடிதம் வேண்டி, ஒரு துறையின் பொது முகவரிக்கு எழுதினார். அம்முகவரிக்கு வருவன யாவும் ஆசிரியர் ஒருவரின் அஞ்சற்பெட்டியிற் சேரும். ஆசிரியரோ ஒரு திங்கள் விடுப்பில் இருந்தார். மறுமொழியும் அமைத்தே சென்றிருந்தார். மறுமொழி வாராமையின், ஆசிரியர் ஊரில்தான் உள்ளார் என்று கருதி நண்பர் காத்திருந்தார். இறுதி நாள் கடந்துவிட்டது.

பழுது சர்வரில் என்றே யாமும் முதலில் எண்ணினோம். அஃது எம் பேதைமை. கடிதத்தின் 'பெறுநர்' வரியில் இருந்தது துறையின் முகவரி. ஆசிரியரின் முகவரி அன்று. தன் தலைவன் பெயர் பெறுநர் வரியிலோ நகல் வரியிலோ காணப்படாத கடிதத்திற்கு விடையிறுத்தல் கூடாது என்பது ஏவலாளனுக்கு இடப்பட்ட கட்டளை. பலர்க்கும் பொதுவாகச் செல்லும் குழுக்கடிதங்களுக்கெல்லாம் அவன் விடை எழுதப் புகின் நேரும் தொல்லையைச் சொல்லவும் வேண்டுமோ? இதற்குப் பரிகாரம் எளிது. எரிக் ஆல்மன் என்பார் 1983இல் எழுதிய 'வெக்கேஷன்' என்னும் பழைய நிரலிலும், சல்லடை என்னும் பொருள்படும் 'சிவ்' மொழிக்கு 2008இல் வகுக்கப்பட்ட விடுமுறை விதியிலும், தலைவனுக்குரிய பிற முகவரிகளையும் குறித்துவைக்க இடம் உண்டு. ஆசிரியர் அதனைக் குறித்திலர்.

மற்றொரு மௌனம் சோதிப்பாரை மயக்குவது. ஒருவர் தம் வேறு முகவரியிலிருந்து எழுதிப் பார்க்கின்றார், மறுமொழி வருகின்றது. மீண்டும் எழுதுகின்றார், வரவில்லை. கெட்டது என்று கலங்குகின்றார். கெடவில்லை, ஒருவர்க்கு ஒரு முறை விடையிறுத்தபின், நாளளவு வேறு குறிக்கப்படாதவிடத்து, வழக்கமாக 7 நாள் வரை மீண்டும் விடையிறாது. விடை பெற்றோர் பெயர்களைச் சர்வர் எழுதிவைத்துக்கொள்கின்றது. இவ்வரம்பு இன்றேல், விடுப்பிலுள்ள இருவரின் ஏவலாளர் ஒருவர்க்கொருவர் "ஐயா ஊரில் இல்லை" என்று ஓயாது சொல்லிக்கொண்டிருப்பர்! இது கருதியே, தானியங்கிக் கடிதங்கள் அவ்வாறெனத் தம் தலைப்பு வரிகளில் அடையாளம் தாங்குமாறும், அவ்வடையாளமுடையவற்றிற்கு விடை செல்லாவாறும் 2004இல் நெறி வகுத்தனர். உறையின்மேல் அனுப்புநர் இடம் வெறுமையாயிருப்பினும் விடை செல்லாது.

இவை விதிவழி வந்த மௌனங்கள். மெய்யான பழுதும் உண்டு. சிவ் நிரலின் தொடக்கத்தில் விடுமுறை விதி வேண்டும் என்று அறிவிக்கும் வரி விடுபடின், நிரல் முழுவதும் இயங்காது; கடிதங்களோ வழக்கம்போற் பெட்டியிற் சேரும், ஆதலின் குற்றம் கண்ணிற் படாது. முன்னுள்ள வேறொரு விதி 'நிறுத்துக' என்று முடியினும், பின்னுள்ள மறுமொழி எட்டப்படாது. இவற்றைச் சர்வரின் குறிப்பேட்டிற் காணலாம். மறுமொழி புறப்பட்டதாக அங்கே பதிவாகியிருப்பின், பெறுநரின் குப்பைப் பெட்டியைத் தேடுதல் வேண்டும்.

ஆசிரியர் திரும்பிவந்தபின் துறையின் முகவரியையும் சேர்த்தார். இம்முறை அவர் முகவரிக்கு அன்றி, துறையின் முகவரிக்கே, முன்பு எழுதாத ஒரு பெட்டியிலிருந்து எழுதிச் சோதித்தோம். மறுமொழி உடனே வந்தது. நண்பர் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க எண்ணியுள்ளார்.