கோல்ஃப் பட்டர் நேராக நிற்கிறதா? கம்ப்யூட்டரே சொல்லும்!

கோல்ஃப் பந்தைக் குழியை நோக்கி மெதுவாக உருட்டும் கடைசி அடிக்குப் பட்டிங் என்று பெயர். அதற்கான மட்டைதான் பட்டர் (வெண்ணெய் அல்ல!). 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-ஆம் இடம் பெற்றார். ஒரு பட்டின் மதிப்பு அவ்வளவு.

முதலில் விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். பந்துக்கும் குழிக்கும் 3 மீட்டர் தூரம், அதாவது 300 செ.மீ. இதை 57.3 ஆல் வகுங்கள். விடை 5.24. பட்டரின் முகம் 1 டிகிரி திரும்பியிருந்தால் பந்து 5.24 செ.மீ. விலகிப் போகும் என்று அர்த்தம். குழியின் விட்டம் 10.8 செ.மீ., அதில் பாதி 5.4. ஆக, 1 டிகிரியில் பந்து குழியின் விளிம்பைத்தான் தொடும். 2 டிகிரி என்றால் கதை முடிந்தது.

1 டிகிரியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கேளம்பாக்கத்திலிருந்து நந்தனம் மைதானத்துக்கு ஓஎம்ஆர் டிராஃபிக்கில் போய் வந்தால் பாதி நாள் காலி. அடுக்குமாடி வீட்டு ஹாலில் 2 அடி டைல்ஸ் இருந்தால் போதும். 5 டைல்ஸ் சேர்ந்தால் ஏறக்குறைய 3 மீட்டர். நீளவாட்டில் ஓடும் இணைப்புக் கோடுதான் உங்கள் இலக்குக் கோடு. கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு நூலைக் கட்டிப் பார்த்துக் கொள்ளுங்கள். எல்லா மேஸ்திரியும் ஒரே மாதிரி இல்லை!

பந்தைக் கோட்டின் மேல் வையுங்கள். செல்போனை ஒரு மேஜை விளிம்பில் பொருத்தி, பட்டருக்கு நேர் மேலிருந்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். சாய்வாக எடுத்தால் கோணம் பொய் சொல்லும். வீடியோவைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள்.

அடுத்து, கினோவியா என்ற இலவச மென்பொருளை டவுன்லோட் செய்து நிறுவிக் கொள்ளுங்கள். இது விண்டோஸுக்கானது. வீடியோவைத் திறந்து, வலது அம்புக்குறி விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். ஆடுவதற்கு முன் பட்டர் அசையாமல் நிற்கும் ஃபிரேமில் நிறுத்துங்கள். படத்துக்குக் கீழே உள்ள கருவிகளில் கோணக் கருவியைத் தேர்ந்தெடுத்து, ஒரு கையை டைல்ஸ் கோட்டிலும் மறு கையைப் பட்டரின் முகத்திலும் பொருத்துங்கள். 90 டிகிரி காட்ட வேண்டும். பந்தைத் தொடும் ஃபிரேமிலும் இதேபோல் அளந்து பாருங்கள்.

இந்த இரண்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது. நிற்கும்போதே 92 என்றால் கோளாறு உங்கள் செட்அப்பில். நிற்கும்போது 90, தொடும்போது 92 என்றால் செட்அப்பைக் குறை சொல்லாதீர்கள். கை வழியில் திருப்புகிறது. பலர் இது தெரியாமல் புதுப் பட்டர் வாங்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

செட்அப் கோளாறு என்றால் கண்ணின் இடத்தைப் பாருங்கள். குனிந்து நின்று, கொத்தனாரின் தூக்குக்குண்டை மூக்கின் மேல்முனையிலிருந்து தொங்க விடுங்கள். குண்டு பந்தின் மேலோ, சற்று உங்கள் பக்கமாகவோ நிற்க வேண்டும். பந்தைத் தாண்டிப் போனால் கோடு வளைந்து தெரியும். நிமிர்ந்து நின்று மறுபடி அளக்கவும். ஒரே வீடியோவை நம்பாமல் பத்து முறை எடுத்து எண்களைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.