லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்டை நாமளே மாட்டலாமா?

இன்னைக்கு எபிசோட்ல, சேலை கட்டி ஒரு பக்கமா உக்காந்து வர்றவங்களுக்காக பைக்கோட இடப்பக்கம் மாட்டுற லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் பத்திப் பேசப் போறோம். எங்க அம்மாவுக்காக என் பைக்ல நானே மாட்டினேன். ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கமில்லாதவங்களும் செய்யலாம்.

இது அலங்காரம் இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதியே கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காம இருக்க பின்சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு, மூணும் வேணும்னு சொல்லுது.

முதல்ல கொஞ்சம் ஃபிசிக்ஸ். அம்மா வண்டியில ஏறும்போது மொத்த எடையையும் அந்தத் தட்டுல போடலாம். 60 கிலோன்னா சுமார் 600 நியூட்டன். தட்டு போல்ட்டுல இருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தா, 90 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதைத் தாங்குறது பைப்போட தடிமன் மட்டும் இல்லை, போல்ட்டோட இறுக்கமும்தான். இறுக்கின போல்ட் இழுத்த ஸ்பிரிங் மாதிரி. ரெண்டு இரும்பையும் அழுத்திப் பிடிச்சிருக்கும். அந்தப் பிடி தளர்ந்தா ஆட்டம் ஆரம்பிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். உங்க மாடலுக்குன்னே வர்ற கிட் வாங்குங்க. சென்னைன்னா ஜி.பி. ரோட்ல தேடலாம். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்"னு சொல்றதை நம்பி, வளைச்சு மாட்டாதீங்க.

கழட்டறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. 8 மி.மீ. போல்ட்டுன்னா பெரும்பாலும் 12 இல்லைன்னா 13 ஸ்பேனர் போதும். ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கழட்ட வேண்டிய கிட்டா? அதை மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலயே பாதி திருகுங்க. ஒண்ணை முழுசா இறுக்கிட்டா, அடுத்த ஓட்டை நேரா வராது. எல்லாம் உக்காந்ததும் மாத்தி மாத்தி இறுக்குங்க. எவ்வளவு இறுக்கணும்னு சர்வீஸ் மேனுவல்ல டார்க் அளவு இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லைன்னா, கடைசி இறுக்கத்தை மட்டும் மெக்கானிக்கிட்ட செஞ்சுக்கலாம்.

அடுத்தது டெஸ்ட். சென்டர் ஸ்டாண்டை எடுத்துட்டு, சக்கரம் தரையில இருக்கும்போது பாருங்க. ஸ்டாண்ட்ல நின்னா சஸ்பென்ஷன் அமுங்காது. ஒருத்தர் வண்டியைப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் பின் சீட்ல உக்காந்து நல்லா அமுக்கட்டும். டயர், செயின் கவர், ஸ்விங் ஆர்ம் எதுலயும் கம்பி உரசக் கூடாது.

கடைசியா, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட் மார்க்கரால ஒரு கோடு போடுங்க. புதுப் பெயின்ட் அமுங்குறதாலயும் அதிர்வாலயும் பிடி குறையும். 100 கிலோமீட்டர் ஓட்டினதும் இறுக்கம் பாருங்க. அப்புறம் கோடு விலகியிருந்தா, போல்ட் சுத்தியிருக்குன்னு அர்த்தம்.

அரை மணி நேர வேலைதான். ஆனா பின்னாடி உக்கார்றவங்க போல்ட்டைப் பார்த்து ஏறுறதில்லை, நம்மளை நம்பி ஏறுறாங்க. அவங்களுக்கும் ஹெல்மெட் மறக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!