செங்கல் அரண்மனையில் ஓர் இரவு

லண்டன் யூஸ்டன் சாலையில் வந்து இறங்கும் இந்தியப் பயணி, செயின்ட் பாங்க்ரஸ் ஹோட்டலை அண்ணாந்து பார்த்ததும் முணுமுணுப்பது அநேகமாக பம்பாய் வி.டி. ஸ்டேஷனின் பெயராகத்தான் இருக்கும். அதே கூர்மாடங்கள், அதே கோபுரங்கள், ஓரிடத்தைக்கூட வெறுமையாக விட்டுவிடக் கூடாது என்பதுபோல அதே அலங்கார வெறி. சந்தேகம் நியாயமானது. வி.டி.யைக் கட்டிய எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ், 1878-ல் பொறுப்பேற்றதும் ஐரோப்பிய ரயில் நிலையங்களைப் பார்த்துவரக் கப்பலேறியவர். லண்டன் ஹோட்டலை வடிவமைத்த சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டும் பம்பாய்க்கு அந்நியரல்ல. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபமும் ராஜாபாய் கடிகார கோபுரமும் அவருடைய வரைபடங்கள்தான். பம்பாயை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமலே வரைந்து அனுப்பினார் என்பது வேறு விஷயம்.

ஒரு வித்தியாசம் உண்டு. வி.டி.யில் அந்த ஆடம்பரம் ரயில் நிலையத்துக்கு. இங்கோ நிலையம் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. சாலையை மிரட்டிக்கொண்டு நிற்பது ஹோட்டல்.

மிரட்டுவதுதான் நோக்கமே. மிட்லண்ட் ரயில்வே லண்டனுக்குத் தாமதமாக வந்த கம்பெனி. அதுவரை போட்டிக் கம்பெனியின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் வாடகைக்கு ஒண்டிக்கொண்டிருந்தது. சொந்த நிலையம் கட்ட, அடுத்த மனையையே தேர்ந்தெடுத்தது. 1865-ல் நடந்த போட்டிக்கு வந்த 11 வடிவமைப்புகளில் ஸ்காட்டுடையதுதான் அதிகச் செலவு பிடிப்பது. அதையே தேர்ந்தெடுத்தார்கள். நாட்டிங்ஹாமிலிருந்து செங்கல் வந்தது. மத்திய இங்கிலாந்தின் சரக்கு எவ்வளவு உயர்ந்தது என்பதற்குக் கட்டிடமே விளம்பரப் பலகை.

பின்னால் உள்ள இரும்புக் கூரை, பொறியாளர் வில்லியம் பார்லோவின் சாதனை. சுமார் 240 அடி அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் தாவுகிறது. 1868-ல் நிலையம் திறந்தபோது உலகிலேயே மிகப் பெரிய ஒற்றை வளைவு அதுதான். ரயில் பாதை ரீஜெண்ட்ஸ் கால்வாய்க்கு மேலாக வந்ததால் பிளாட்பாரம் ஒரு மாடி உயரத்தில் அமைந்தது. கீழே கிடைத்த இடத்தில் பர்ட்டன் நகரத்து பீர் பீப்பாய்களை அடுக்கினார்கள். தூண்களுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானித்தது பீப்பாயின் அளவுதான்! இன்று யூரோஸ்டார் பயணிகள் பாஸ்போர்ட்டும் கையுமாக வரிசையில் நிற்பது அங்கேதான்.

இந்தப் பெருமையின் அடியில் கொஞ்சம் எலும்புகளும் உண்டு. பாதைக்காக ஏகார் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பு தரைமட்டமானது. வாரக்கூலிக்காரர்களும் வார வாடகைக்காரர்களும் நஷ்டஈடு இல்லாமல் வெளியேறினார்கள். பழைய செயின்ட் பாங்க்ரஸ் மாதாகோயில் கல்லறைத் தோட்டத்திலும் சவங்களைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தினார்கள். அந்த வேலையை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட இளம் கட்டிடக்கலை உதவியாளர் பிற்பாடு நாவலாசிரியராகப் புகழ் பெற்றார்: தாமஸ் ஹார்டி.

1873 மே 5-ல் ‘மிட்லண்ட் கிராண்ட்’ என்ற பெயரில் ஹோட்டல் திறக்கப்பட்டது. நீர் அழுத்தத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட், தீப்பிடிக்காத கான்கிரீட் தளங்கள் என்று அன்றைய அதிசயங்கள் அனைத்தும் இருந்தன. குளியலறை மட்டும் இல்லை. சுமார் 300 அறைகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குளியலறைகளே. விருந்தினருக்கு வெந்நீரையும், கணப்புக்குக் கரியையும் வேலையாட்கள் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறினார்கள். கூலி மலிவாக இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அறைக்கொரு குளியலறை கேட்கும் விருந்தாளிகள் வந்தார்கள். குழாய் பதிக்கலாம் என்றால் அந்தத் தீப்பிடிக்காத தளங்கள் இடம் கொடுக்கவில்லை. எதை நினைத்துப் பெருமைப்பட்டார்களோ அதுவே ஹோட்டலின் கழுத்தை நெரித்தது. 1935-ல் மூடினார்கள்.

பிறகு அரை நூற்றாண்டு அது ரயில்வே ஆபீஸ். அலங்கார விதானங்களை மறைத்துப் பெயின்ட் அடித்தார்கள், தடுப்புகள் எழுப்பினார்கள். 1960-களில் விக்டோரிய கட்டிடம் என்றாலே அதிகாரிகளுக்கு எரிச்சல். பக்கத்திலிருந்த யூஸ்டன் நிலையத்தின் புகழ்பெற்ற நுழைவாயிலை எதிர்ப்பையும் மீறி இடித்தாகிவிட்டது. அடுத்த பலி செயின்ட் பாங்க்ரஸ் என்று பேச்சு எழுந்தது.

காப்பாற்றியவர்களில் கவிஞர் ஜான் பெட்ஜமனை உலகம் அறியும். அவ்வளவாக அறியப்படாதவர் ஜேன் ஃபாசெட். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க் ரகசிய மையத்தில் வேலை பார்த்தவர். ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் எங்கே போகிறது என்ற துப்பு, 1941-ல் அவர் கையில் சிக்கிய செய்தியில்தான் கிடைத்தது. விக்டோரியன் சொசைட்டியின் செயலராக அவர் ரயில்வே அதிகாரிகளைப் படுத்தியபாடு, அவருக்கு ‘கோபக்கார ஃபாசெட் அம்மாள்’ என்று பட்டப்பெயரே வாங்கித் தந்தது. 1967 நவம்பரில் கட்டிடம் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது.

ஆனால் இடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடுமா? தீ பாதுகாப்புச் சான்று கிடைக்காமல் 1980-களில் அலுவலகமும் காலி செய்தது. பாழடைந்த படிக்கட்டில் 1996-ல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் தங்கள் முதல் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போனார்கள். 2007-ல் யூரோஸ்டார் ரயில்கள் வரத் தொடங்கிய பிறகுதான் ஹோட்டலுக்கும் விடிவு வந்தது. 2011 மே 5-ல், சரியாக 138 ஆண்டுகள் கழித்து, மறுபடி முறைப்படி திறப்பு விழா.

இன்று தங்க வருபவர் நுழையும் வரவேற்புக் கூடம், அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் வந்து நின்ற பாதை. மேலே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். டிக்கெட் கொடுத்த கூடம் மது அருந்தும் இடமாகிவிட்டது. மரவேலைப்பாடு மிகுந்த சுவர்கள் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தப் படிக்கட்டு. ஒன்றாகக் கிளம்பி, இரண்டாகப் பிரிந்து, சிவந்த சுவர்களில் பொன்னிறப் பூ முத்திரைகள் பளபளக்க, விதானத்து நட்சத்திரங்களை நோக்கி ஏறுகிறது. அடியில் தாங்கும் இரும்பு உத்தரங்களை ஸ்காட் மறைக்கவில்லை. விருந்தினரின் காலடியிலும் ரயில்வேயின் இரும்பு.

ஒரு சங்கதியை முன்பதிவு செய்யும்போதே கவனிப்பது நல்லது. திறப்பின்போது இருந்த 245 அறைகளில் பழைய மாளிகைக்குள் இருந்தவை வெறும் 38. மற்றவை பக்கவாட்டில் புதிதாக எழுப்பிய பகுதியில். மேல் மாடிகளில் 67 வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். ஸ்காட்டின் உயர்ந்த ஜன்னல்களுக்குள் கண்விழிக்க விரும்புபவர் அதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும், சுமாரான வாடகைக்கு (லண்டன் கணக்கில் சுமார்!) கிடைப்பது புதுக்கட்டிடம். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் விக்டோரியா காலத்தில் தூங்கினோம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள முடியாது. பொதுமக்கள் பணத்திலும் போராட்டத்திலும் பிழைத்த கட்டிடம் இப்படிப் பணக்காரர் படுக்கையறை ஆகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் புறாக்களுக்கும் மழைநீருக்கும் விட்டுவைத்திருந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள் இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்பார்கள்.

காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியதும் இருக்கிறது. மேல்தளத்தில், பார்லோவின் கூரைக்குக் கீழே, பெட்ஜமன் வெண்கலச் சிலையாக நிற்கிறார். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கோட்டு பின்னால் பறக்க, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்கிறார். சூட்கேஸை உருட்டிக்கொண்டு பாரிஸ் ரயிலிலிருந்து இறங்கி வருபவர்களில் சிலர், அவர் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தாங்களும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.