தாழ்ந்த காரும் சாய்ந்த சக்கரமும்

ஒரு காரைப் பார்த்து "அழகு!" என்று நாம் சொல்லும்போது அதன் நிறத்தையும் வடிவத்தையுமே நினைக்கிறோம். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பவர் வெகு சிலரே. ஆனால் காரில் செல்லும் அனைவருடைய உயிரும் டயர்கள் தரையைத் தொடும் நான்கு இடங்களை நம்பியே இருக்கிறது. அந்த இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான்.

பந்தயக் கார்களைத் தரையை ஒட்டித் தாழ்வாக அமைப்பதற்குக் காரணம் உண்டு. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வண்டி எளிதில் கவிழாது என்பது நாம் பௌதிகப் பாடத்தில் படித்ததே. அதைக் கண்டு, தங்கள் சொந்தக் காரையும் தாழ்த்திக் கொள்ள விரும்புவோர் பலர். அப்படித் தாழ்த்தும்போது பின் சக்கரங்களுக்கு என்ன நேர்கிறது? அதை எப்படிச் சரிசெய்வது? இதற்கு நல்ல உதாரணம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்.

ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த இந்த வண்டு வடிவக் கார், 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும் வரை, 2 கோடியே 15 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. இதன் என்ஜின் பின்புறம் உள்ளது. பழைய பீட்டில்களில் பின் சக்கரம் ஒவ்வொன்றையும் தாங்கும் ஆக்சில், நடுவிலுள்ள கியர்பாக்ஸ் பக்கத்தில் மட்டுமே மூட்டு உடையது. சக்கரத்தின் பக்கம் மூட்டு இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்வோம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, இருபுறச் சுவர்களைத் தள்ளுவதுபோல் உள்ளங்கைகளை வெளிப்புறமாக வைத்துக் கொள்வோம். விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். தோள்தான் கியர்பாக்ஸ், உள்ளங்கைதான் சக்கரம். மணிக்கட்டை அசைக்காமல் கைகளைச் சற்று உயர்த்தினால், விரல் நுனிகள் தலைப்பக்கம் சாய்கின்றன அல்லவா? காரைத் தாழ்த்தும்போதும் இதுவே நடக்கிறது. சக்கரம் தரையிலேயே நிற்க, கியர்பாக்ஸ் கீழே இறங்குகிறது. ஆகவே சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்கிறது. இச்சாய்வைக் கேம்பர் என்பர். ஆக்சிலின் நீளம் 65 செ.மீ. என்று வைத்துக்கொண்டு காரை 5 செ.மீ. தாழ்த்தினால், சாய்வு சுமார் 4.4 டிகிரி மாறும்.

சிறிதளவு உட்சாய்வு நன்மையே. இத்தகைய கார் வேகமாக வளைவில் திரும்பும்போது பின்பக்கம் மேலெழுந்து, வெளிச் சக்கரம் அடியில் மடங்கிப் பிடிப்பை இழக்கக்கூடும். அந்த ஆபத்தை உட்சாய்வு குறைக்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் டயரின் உள் ஓரம் மட்டுமே பாரத்தைத் தாங்கித் தேயும். நேர்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பும் குறையும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 'டோ' எனப்படும் திசைக்கோணம். நம் பாதங்களை நேராகவும் வைத்து நடக்கலாம், உட்புறமோ வெளிப்புறமோ திருப்பியும் நடக்கலாம். சக்கரமும் அப்படித்தான். ஒரு சக்கரம் 1 டிகிரி திரும்பியிருந்தால் என்ன ஆகும்? சைன் 1 டிகிரியின் மதிப்பு 0.01745. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது! நாம் மனப்பாடம் செய்யும் முக்கோணவியல், டயர்க் கடை வரைக்கும் வருவதைப் பாருங்கள்.

காரைத் தாழ்த்தினால் இந்தக் கோணம் ஏன் மாறுகிறது? பீட்டிலின் ஆக்சிலை முன்னாலிருந்து 'ஸ்பிரிங் பிளேட்' என்ற இரும்புக் கரம் பிடித்திருக்கிறது. கரம் வட்டவில்லில் அசைகிறது. கிடைமட்டத்தை நெருங்கும்வரை அதன் நுனி பின்னே நகரும். கிடைமட்டத்தைத் தாண்டினால் மீண்டும் முன்னே வரும். நுனியோடு சக்கரமும் நகர்ந்து திசை மாறுகிறது. எனவே ஊகித்துச் சரிசெய்ய முடியாது, அளந்தே ஆகவேண்டும்.

சரிசெய்யும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உயரம். பீட்டிலில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கப்படும் இரும்புத் தண்டு இருக்கிறது. அதன் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. உள்முனையில் ஒரு பல் என்பது 9 டிகிரி. வெளிமுனையில் ஒரு பல் சுமார் 8.2 டிகிரி. ஒன்றை ஒரு பல் ஒரு பக்கமும் மற்றதை ஒரு பல் எதிர்ப்பக்கமும் திருப்பினால், வித்தியாசமாகிய 0.8 டிகிரி மட்டுமே மாறும். எவ்வளவு நுட்பமான யோசனை! இரு பக்கமும் உயரம் சமமாக இருக்கவேண்டும். முறுக்கிய தண்டு விடுபட்டால் கைகால்களை முறித்துவிடும் என்பதால், இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

அடுத்தது கேம்பர். இவ்வகை ஆக்சிலில் கேம்பரைத் தனியே திருத்த வழியில்லை. சாய்வு மிகுந்தால் காரைச் சற்று உயர்த்துவதே பரிகாரம். மேலும் கீழும் தனித்தனிக் கரங்கள் உள்ள புதிய கார்களில், நீளத்தை மாற்றக்கூடிய கரத்தைப் பொருத்திச் சரிசெய்யலாம்.

கடைசியாக டோ. டயர்களில் காற்றைச் சமமாக அடைத்து, காரைச் சமதரையில் சிறிது உருட்டி நிறுத்தவேண்டும். காரின் மையக்கோட்டுக்கு இணையாக இருபுறமும் சம தூரத்தில் நூல் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கவேண்டும். ஸ்பிரிங் பிளேட்டிலுள்ள துளைகள் நீளவாட்டில் இருப்பதால், போல்ட்டுகளைத் தளர்த்தி ஆக்சிலை முன்னே நகர்த்தினால் சக்கரத்தின் முன்பக்கம் உட்புறம் திரும்பும். பின்னே நகர்த்தினால் வெளிப்புறம் திரும்பும். இரு சக்கரங்களையும் தனித்தனியே அளப்பது அவசியம். கூட்டுத்தொகை சரியாக இருந்தும் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால், கார் நண்டுபோல் சாய்ந்தே ஓடும். முன் சக்கரங்களை எத்தனை முறை சரிசெய்தாலும் அது தீராது. பின் சக்கரங்களை நேராக்கிய பிறகே முன் சக்கரங்களுக்கு வரவேண்டும்.

"பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாளை நம்மில் பலர் கார் ஓட்டப் போகிறோம். இன்றும் பின் இருக்கையில் அமர்ந்து செல்பவர்கள் நாம்தானே! தாழ்த்திய காரில் டயரின் உள் ஓரம்தான் முதலில் தேய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதியதாகவே தோன்றும். கம்பி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்தபின், மழைநாளில் அது வெடித்தால் அழகு காப்பாற்றாது. எனவே தோழிகளே, வீட்டில் யாரேனும் காரைத் தாழ்த்தியிருந்தால், கார் நிற்கும்போது ஒருமுறை குனிந்து டயரின் உட்புறத்தைப் பாருங்கள். பார்த்ததை அப்பாவிடமோ அண்ணனிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு