கமரா கண்ணை மூடினால் காவல் எங்கே?

கடையையும் வீட்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள முடியாதவன் வியாபாரி. காலையில் புறப்பட்டால் இஷாவுக்குப் பிறகுதான் வீடு. அதனால்தான் கண்டி நகரிலும் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மடவளை, திகன பகுதிகளிலும் எமது வர்த்தகர்கள் பலர் வீட்டு வாசலில் கமரா பூட்டியிருக்கிறார்கள். கல்லாவில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் வீட்டைப் பார்க்கலாம்.

பூட்டுவது பெரிய காரியமல்ல. சில மாதங்களில் தொடங்கும் தொல்லைதான் பெரிது. திடீரென்று 'தொடர்பு இல்லை' என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் வரும், மீண்டும் போகும்.

"தம்பி, நீங்க பூட்டின கமரா அடிக்கடி தூங்குதே" என்பார் முதலாளி.

"கமராவில பிழை இல்ல நானா, லைன்லதான் பிழை" என்பார் பூட்டியவர்.

இணையம் தந்தவரைக் கேட்டால் கமராவில் பிழை என்பார். இந்த இழுபறியில் அலுத்துப்போய்ப் புதுக் கமரா வாங்கிப் பணத்தை விரயமாக்குபவர்கள் உண்டு. அதற்கு முன் பிழை எங்கே என்று நாமே பார்த்துவிடலாம்.

மூன்று கண்ணிகள்

கமராவிலிருந்து உங்கள் கைக்குப் படம் வந்து சேர மூன்று கண்ணிகள் வேண்டும். ஒன்று மின்சாரம், இரண்டு கமராவுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வைபை, மூன்று ரவுட்டரிலிருந்து வெளியே போகும் இணையம்.

படம் நின்றவுடன் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுங்கள். அங்குள்ள தொலைபேசியிலும் வைபை மூலம் இணையம் வரவில்லை என்றால் லைனில் கோளாறு. மற்றவை வேலை செய்து கமரா மட்டும் நின்றிருந்தால் மின்சாரம் அல்லது வைபை.

இரவில் மட்டும் நிற்கிறதா? முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இருட்டியதும் கமராவின் இரவு விளக்குகள் எரியும். அப்போது அது கூடுதல் கரண்ட் இழுக்கும். அடெப்டர் பலவீனமாக இருந்தாலோ, மெல்லிய வயரை நீளமாக இழுத்திருந்தாலோ, கமரா அணைந்து அணைந்து எழும்பும். கமராவில் 5 வோல்ட் என்று இருந்தால் அதே வோல்ட், 12 என்று இருந்தால் அதே 12. அம்பியர் மட்டும் குறையக் கூடாது. பல வேளைகளில் ஓர் அடெப்டரோடு வருத்தம் தீர்ந்துவிடும்.

வைபையின் குணம்

ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். 2.4 வேகம் குறைந்தது, தூரம் போகும். வீட்டுக் கமராக்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கமராக்கள் தடுமாறும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, கமராவை 2.4இல் இணையுங்கள். அயல் வீடுகளின் ரவுட்டர்கள் நெருக்கினால் சனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

எமது மலைநாட்டு வீடுகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ரவுட்டர் மேல்மாடியில், கேற் கீழே பாதையோரத்தில். இடையில் கொங்கிறீட் தட்டும் மண்ணைத் தாங்கும் மதிலும். கடையென்றால் இரும்பு ரோலர் கதவு. இவை சிக்னலை விழுங்கிவிடும். ரவுட்டரை நகர்த்தியும் சரிவராவிட்டால், கேபிள் இணைப்பு வசதியுள்ள கமராவுக்கு நெட்வேர்க் கேபிள் இழுப்பதே நல்லது. 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும்.

இணையத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் படம் உள்ளே வரும் வேகம். கமராவுக்கு வேண்டியது வெளியே அனுப்பும் வேகம். தெளிவான 1080 படத்துக்குக் கமரா ஒன்றுக்குச் சுமார் 2 எம்பிபிஎஸ் தேவை. நான்கு கமரா என்றால் 8. அது இல்லையென்றால் படத்தின் தரத்தைக் குறையுங்கள். மாதக் கடைசியில் மட்டும் நிற்கிறது என்றால் டேட்டா முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

லைன் போனாலும் பதிவு போகக் கூடாது

எல்லாம் சரியாக இருந்தாலும் லைன் ஒருநாள் போகத்தான் செய்யும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் பல ஊர்கள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றித் தவித்தன.

2018 மார்ச்சை யாரும் மறந்திருக்க மாட்டோம். திகனவில் தொடங்கிய வன்செயலில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. கண்டியில் இணையமும் மட்டுப்படுத்தப்பட்டது. அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதற்குக் கமராப் பதிவுகளும் சாட்சியாகின. ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவற்றை ஆராய்ந்து செய்தி வெளியிட்டது. மிகத் தேவைப்படும் வேளையில்தான் லைன் இல்லாமல் போகிறது என்பதே இதில் வியாபாரிக்குள்ள பாடம்.

ஆகவே பதிவை இணையத்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள். கமராவுக்குள் மெமரி கார்ட் போடுங்கள். முடிந்தால் பதிவுப் பெட்டியொன்றை வாசலில் நிற்பவர் கண்ணில் படாத அறையில் வையுங்கள். ரவுட்டருக்கும் கமராவுக்கும் பெட்டிக்கும் பெட்டரி வசதி செய்யுங்கள்.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய பதிவுகளைச் சாட்சியாக ஏற்க இடமளிக்கிறது. ஆனால் கருவி சரியாக இயங்கியிருக்க வேண்டும், பதிவில் யாரும் கைவைத்திருக்கக் கூடாது என்பன அதன் நிபந்தனைகளுள் அடங்கும். மின்சாரம் போய் வந்தபின் சில மலிவான கமராக்களின் மணிக்கூடு பிழைத்துவிடும். இணையம் வந்தால்தான் திருந்தும். நேரம் பிழையான பதிவை வைத்துக்கொண்டு பின்னர் வாதாடுவது கஷ்டம்.

கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், கம்பனி போட்ட கடவுச்சொல்லோடு கிடந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் பிடித்து, பெரிய இணையத்தளங்களையே முடக்கியது.

மாதத்தில் ஒரு நாள் கணக்குப் புத்தகம் பார்ப்பதுபோல் கமராவையும் பாருங்கள். நேற்றிரவு 2 மணிப் பதிவு இருக்கிறதா, நேரம் சரியா, முகம் தெரிகிறதா? ரவுட்டரை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் கார்டில் பதிவாகியிருந்தால் உங்கள் கமரா காவல்காரன்தான். இல்லையென்றால் அது வெறும் சுவர் அலங்காரம்.