பள்ளிக்கூடத்துக்கு வந்த சீர்வரிசை

கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசை போவதைப் பார்த்திருப்பீர்கள். மேளம் முன்னே போகும். பழம், தேங்காய், புடவை என்று தட்டுத் தட்டாகப் பின்னே போகும்.

பள்ளிக்கூடத்துக்குச் சீர்வரிசை போவதைப் பார்த்திருக்கிறீர்களா?

தமிழ்நாட்டின் பல கிராமங்களில் இது நடக்கிறது. அதே மேளம்தான். அதே ஊர்வலம்தான். ஆனால் தட்டில் இருப்பது நோட்டுப் புத்தகமும் பென்சிலும். தலையில் இருப்பது நாற்காலி. இருவர் பிடித்துத் தூக்கி வருவது பீரோ. ஆசிரியர்கள் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். இதற்குக் "கல்விச் சீர்" என்று பெயர்.

புது வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இதன் வேர் 1950-களில் இருக்கிறது.

மரத்தடிப் பள்ளிகள்

1951-ல் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது நம் மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 5 பேரில் ஒருவர்தான். மற்ற நால்வரும் கைநாட்டு.

1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார். குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். அவரிடம் கல்வித் துறைக்கு இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. இவர் காஞ்சிபுரம் பக்கத்தில் நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள். ஆனால் திறந்து என்ன செய்வது? கட்டடம் இல்லை. ஒரு திண்ணை, ஒரு கூரைச் சாவடி, அதுவும் இல்லாவிட்டால் மரத்தடி. வாத்தியார் சம்பளத்துக்கே அரசாங்கத்தின் பணம் சரியாகப் போயிற்று.

அதைவிடப் பெரிய தொல்லை, பசி. காலையில் வந்த பிள்ளை மதியம் வீட்டுக்குப் போனால் திரும்பி வராது. வீட்டிலும் சோறு இருக்காது. மாடு மேய்க்கப் போனாலாவது கூழ் கிடைக்கும். தகப்பன் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

4 காசுக் கதை

1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். பாரதியார் பிறந்த ஊர் அது. முதலில் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையை வைத்தே அடுப்பு எரிந்தது. பிறகு அரசாங்கம் பங்கு போட்டது.

ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்கு 10 புதுக்காசு என்று கணக்கு. அதில் 6 காசு அரசாங்கம் கொடுக்கும். 4 காசு ஊர் கொடுக்க வேண்டும்.

அந்த 4 காசு எப்படி வந்தது? பணம் உள்ளவர் பணம் கொடுத்தார். நிலம் உள்ளவர் நெல் கொடுத்தார். ஒன்றும் இல்லாத வீட்டிலும் ஒரு வழி இருந்தது. அதுதான் பிடி அரிசி. சோற்றுக்கு அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. வாரம் ஒரு முறை பானை பள்ளிக்குப் போகும்.

அரசாங்கமே 10 காசையும் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கஜானா இடம் தரவில்லை என்பது ஒரு காரணம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தான் போட்ட பிடி அரிசி எங்கே போகிறது என்று ஒரு தாய் கட்டாயம் எட்டிப் பார்ப்பாள். சோறு குழைந்ததா, பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா என்று கேட்பாள். அரிசி கொடுத்தவளுக்குக் கேட்கத் தைரியம் வரும்.

மேடையில் கூடை, மண்வெட்டி, கடிகாரம்

சோற்றுக்குக் கைகொடுத்த ஊர் கட்டடத்துக்கும் கைகொடுக்காதா? இந்த எண்ணத்தில்தான் 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு திருவள்ளூர் அருகே கடம்பத்தூரில். அதன் பிறகு மாவட்டம் மாவட்டமாக நடந்தன. காமராஜரே பல மாநாடுகளுக்கு நேரில் போனார்.

மாநாடு என்றதும் பேச்சு மட்டும் என்று எண்ணி விடாதீர்கள். வேலை அதற்கு மாதக் கணக்கில் முன்பே தொடங்கிவிடும். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் உட்கார்ந்து பட்டியல் எழுதுவார். கரும்பலகை 2 வேண்டும். மணி ஒன்று வேண்டும். கிணறு வேண்டும். கூரைக்கு ஓடு வேண்டும். படம், உலக உருண்டை, கடிகாரம், தண்ணீர்ப் பானை... பட்டியல் இப்படிப் போகும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போவார்கள். "பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். "கரும்பலகை ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால்? தச்சர் செய்து கொடுத்து விடுவார். கடைக்காரர் கடிகாரம் கொடுப்பார். பண்ணையார் மனை எழுதிக் கொடுப்பார். கூலிக்காரர் இரண்டு நாள் மண் சுமப்பார்.

மாநாட்டு நாளில் இன்ன ஊர், இன்ன பள்ளி, இன்னார் கொடுத்தது இன்னது என்று வாசிப்பார்கள். பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும். கொடுத்தவருக்கு மாலை விழும்.

கொடுத்த நாற்காலியில் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டவர்களும் உண்டு. நம் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைப்பது போல! எழுதிக் கொள்ளட்டுமே. பிள்ளைக்கு உட்கார இடம் கிடைத்ததா, இல்லையா?

ஊர் என்றால் யார்?

இத்தனை நல்லதிலும் ஒரு குறை இருந்தது. கொடுத்தவருக்கு மேடையில் இடம். பிள்ளையை அனுப்பிய ஏழைத் தகப்பனுக்குக் கூட்டத்தில் நிற்க இடம். பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர் என்றால் ஊரில் உள்ள எல்லாரும் என்றா பொருள்? 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க ஒரு பெண் வந்தார். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சில பெற்றோர்கள், அவர் சமைக்கக் கூடாது என்று தகராறு செய்தார்கள். போலீசில் வழக்குப் பதிவாயிற்று. அவர்களும் பெற்றோர்கள்தான். அவர்களும் ஊரார்தான். ஊரார் கையில் பள்ளியைக் கொடுங்கள் என்று சொல்லும்போது, எந்த ஊரார் கையில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் போட்ட நாற்காலி

2009-ல் இந்திய நாடாளுமன்றம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கும், ஏழைப் பெற்றோருக்கும் அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம்.

பணம் கொடுத்தால்தான் இடம் என்று சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. பிள்ளை படித்தால் போதும்.

ஆனால் பல ஆண்டுகள் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தன. 2022 மார்ச் 20-ம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பெற்றோரை எல்லாம் ஒரே நாளில் கூட்டினார்கள். பிறகு குழுக்கள் புதிதாக அமைந்தன. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள்.

எத்தனையோ தாய்மார்கள் முதல் முறையாகத் தலைமை ஆசிரியரின் அறையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அந்த அறைக்கு அவர்களைக் கூப்பிட்டால், "உன் பையன் சண்டை போட்டான்" என்று சொல்லத்தான்!

2022-ல் மாதந்தோறும் கூட்டம் என்று வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல். அலுவலகத்துக்கு வசதியான நேரம். நாற்று நடப் போகும் தாய்க்கு? பாதி நாள் கூலி போய்விடும். வராவிட்டால் அக்கறை இல்லை என்று பெயர். கூட்டத்தை எந்தக் கிழமை, எந்த நேரத்தில் வைப்பது என்று அந்தத் தாயையே கேட்டிருக்கலாம். முன்காலத்தில் வீடு தேடிப் போனார்கள் அல்லவா? இப்போது போவதற்கு என்ன தடை?

அந்தக் காகிதம்

குழுவின் கையில் ஒரு வலுவான கருவி இருக்கிறது. அதன் பெயர் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். 3 ஆண்டுகளுக்கு இந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று எழுதுவது. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், இன்னும் எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் அதில் வரும். 1958-ல் ஆசிரியர் எழுதிய அதே பட்டியல்தான். ஒரு வித்தியாசம். அன்று பட்டியல் கொடையாளர் வீட்டுக்குப் போனது. இன்று அரசாங்கத்துக்குப் போகிறது. குடிநீர்க் குழாயைத் தர்மமாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகக் கேட்கலாம்.

பள்ளிக்கு வந்த மானியம் எப்படிச் செலவாயிற்று என்று கணக்குப் பார்ப்பதும் குழுவின் வேலைதான்.

திட்டத்தில் குழுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பெற்றோரில் ஒருவர். படிக்கத் தெரிந்தவர் படித்துப் பார்த்துப் போடலாம். படிக்கத் தெரியாதவர், "படித்துக் காட்டுங்கள், கேட்கிறேன்" என்று சொல்லலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாலும் சரிதான்.

அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று உங்கள் ஊர்த் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். சொல்வார்.