ஈரக் கரிக்குக் கொடுத்த காசு

அஸருக்குப் பின் கடை வாசலில் வெட்டிய பெரலை வைத்துக் கரி மூட்டி, மஃரிப் முடிந்ததும் கோழியைக் கம்பி வலையில் பரப்பினால், இஷாவுக்குப் பிறகு சனம் கூடும். புத்தளத்திலும் சரி, கிழக்கிலும் சரி, கொழும்பின் சந்து பொந்துகளிலும் சரி, இன்று இது பழகிப்போன காட்சி. கொஞ்ச முதலோடு தொடங்கக் கூடிய தொழில் என்பதால் நம் இளைஞர்கள் பலர் இதில் இறங்குகிறார்கள். ஆனால் இறங்கிய சிலர் ஒரு வருடத்துக்குள் பெரலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். நானும் அப்படிப் போயிருக்க வேண்டியவன்தான்.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. தினமும் கோழி மிச்சமில்லாமல் போனது. ஆனாலும் மாத முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. கோழி, மசாலா, கூலி, வாடகை எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். கரியை மட்டும் நான் கணக்கில் பெரிதாக எடுக்கவில்லை. கரிதானே என்ற அலட்சியம்.

சிரட்டைக்கு வேறு கிராக்கியும் உண்டு

நம் நாட்டில் நல்ல தணலுக்குச் சிரட்டைக் கரிதான். விறகுக் கரி சீக்கிரம் பற்றும், சீக்கிரம் ஓய்ந்தும் விடும். சிரட்டைக் கரி பற்ற நேரமெடுக்கும். பற்றிவிட்டால் நின்று எரியும், புகையும் குறைவு. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் குழியிலும் பெரலிலும் காற்றைக் கட்டுப்படுத்திச் சிரட்டையைச் சுட்டு இதை எடுக்கிறார்கள். ஒரு கிலோ கரிக்கு மூன்று, நான்கு கிலோ சிரட்டை வேண்டும்.

இந்தக் கரியை வாங்குவது நாம் மட்டுமல்ல. நீரைச் சுத்திகரிக்கவும், தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் உலகம் முழுவதும் பயன்படும் செயலூட்டிய கரிக்கு இதுவும் ஒரு மூலப்பொருள். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் அதைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. ஆகவே பெரல் வைத்திருக்கும் நாம், ஏற்றுமதிக் கம்பனிகளோடு ஒரே சந்தையில் நின்று கரி வாங்குகிறோம். 2022இல் எரிவாயு வரிசைகளில் மக்கள் நின்ற காலத்தில் வீடுகளும் விறகுக்கும் கரிக்கும் திரும்பின. 2024 கடைசியில் தேங்காய் தட்டுப்பாடாகி விலை ஏறியது. தேங்காய் குறைந்தால் சிரட்டையும் குறையும். கரி விலையைக் கவனிக்காமல் இந்தத் தொழில் செய்ய முடியாது.

மூடைக்குள் இருந்த தண்ணீர்

ஒருநாள் புது மூடையைக் கொட்டிப் பற்ற வைத்தோம். அரை மணி நேரமாகியும் தணல் பிடிக்கவில்லை. "காக்கா, கரி அழுகுது" என்றான் வேலை செய்யும் பையன். கையை விட்டுப் பார்த்தேன். மேலே உலர்ந்திருந்த மூடை, உள்ளே சில்லென்று இருந்தது.

அதில் ஒரு கிலோவை நிறுத்துத் தகரத்தில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். திரும்ப நிறுத்தால் 820 கிராம். நூற்றுக்குப் 18 தண்ணீர்! 25 கிலோ மூடையில் நாலரைக் கிலோ. வாரத்துக்கு நான்கு மூடை எடுக்கிறேன். நான்கு வாரத்தில் 72 கிலோ தண்ணீருக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று மூடைக் கரியின் விலையை, தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஈரத்தை ஆவியாக்கவும் என் கரியேதான் எரிந்தது.

கரி கொண்டுவருபவரிடம் கேட்டேன். "சூட்டுக் கரியைத் தண்ணி ஊத்தித்தானே காக்கா அணைக்கிறது" என்றார். அணைப்பதற்கு ஊற்றுவது வேறு, நிறைக்கு ஊற்றுவது வேறு என்று சத்தம் போட்டேன். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அன்றிரவு வரைதான் நின்றது. வழமையாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோழிப் பார்சலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உங்கட கோழி நெருப்பில சுருங்கினதா, இல்ல வாங்கும்போதே சின்னதா?"

நான் பதில் சொல்லவில்லை. கோழி விலை ஏறியபோது பலகையில் விலையை மாற்றாமல், 1,200 கிராம் கோழிக்குப் பதிலாக 900 கிராம் கோழியை வாங்கத் தொடங்கியிருந்தேன். பலகையில் "முழுக் கோழி" என்றுதான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் கரிக்காரர் என்னிடம் எடுத்தது நூற்றுக்குப் 18. நான் என் வாடிக்கையாளரிடம் எடுத்தது நூற்றுக்கு 25. அவருக்குச் சொன்ன ஹதீஸ் எனக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாற்றிக்கொண்டவை

மறுநாளே பலகையை இறக்கி, பச்சைக் கோழியின் நிறையையும் விலையையும் சேர்த்து எழுதினேன். தராசை முன்மேசைக்குக் கொண்டுவந்தேன். விலையைப் பார்த்துச் சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். ஆசிரியர் போகவில்லை.

கரி விடயத்தில் சகோதரர்களுக்குப் பயன்படும் என்று சில விடயங்களைச் சொல்கிறேன்:

* மூடையின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சீமெந்துத் தரையில் போடுங்கள். நன்றாகச் சுட்ட, உலர்ந்த கரி உலோகம்போல் கிணீரென்று ஒலிக்கும். உடைந்த இடம் பளபளக்கும். சத்தம் மந்தமாக இருந்தால் நிறுக்க முன் விலை பேசுங்கள்.

* கரியின் மேல் வெண்சாம்பல் படரும் வரை கோழியை வைக்க வேண்டாம். சுவாலையில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும்.

* தணலைப் பெரலின் ஒரு பக்கத்தில் ஒதுக்குங்கள். கொழுப்பு நேரே தணலில் சொட்டினால் எழும் புகையும் கருகலும் உடம்புக்குக் கெடுதி.

* கடை மூடும்போது தணலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு மூடினால் காற்றில்லாமல் தானே அணையும், மறுநாளைக்கு உதவும். நன்றாக ஆற முன் திறக்க வேண்டாம்.

* மழை பெய்கிறது என்று பெரலைக் கடைக்குள் இழுக்காதீர்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடைத்த அறையில் ஆளைக் கொன்றுவிடும்.

அந்தக் கரிக்காரரிடமே இன்றும் வாங்குகிறேன். இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: காய்ந்த கரிக்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறேன், அவர் காயவைத்துத் தருகிறார். மூடை எண்ணிக்கையும் குறைந்தது, மாத முடிவில் கையிலும் ஏதோ நிற்கிறது. பிறரின் மூடைக்குள் கையை விட்டுப் பார்ப்பது நம் உரிமை. நம் மூடைக்குள்ளும் அடிக்கடி விட்டுப் பார்க்க வேண்டும். அல்லாஹ் நம் அனைவரின் தொழிலிலும் பரக்கத் செய்வானாக!